ரோசன்வால்ட் பள்ளிகளைக் கட்டியது யார்?

வரப்பு:
நேற்று வேறொரு இழையில் சிகாகோ செல்வன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அதனால்தான் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இன நீதிக்காக இயங்கும் கொடையாளர் கூட்டமைப்புகளைப் பற்றி அங்கே பேச்சு வந்தது. அதற்கு அவர் எழுதியது இது: “இன்றைய கூட்டமைப்புகள் கூட்டம் போட்டு அறிக்கை எழுதுகின்றன. நூறு வருடம் முன்பு ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற ஒரே மனிதர் கறுப்பினக் குழந்தைகளுக்கு 5,000 பள்ளிகள் கட்டினார். அவ்வளவுதான் வித்தியாசம்.”

கட்டினாரா?

நான் 31 வருடம் தணிக்கை வேலையில் இருந்தவன். யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்க்காமல் ‘கட்டினார்’ என்று எழுத எனக்குக் கை வராது. ரோசன்வால்ட் சியர்ஸ் ரோபக் என்ற அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனத்தின் தலைவராக இருந்தவர், பெரும் பணக்காரர். அதில் எனக்கு மறுப்பில்லை. 1932 வரை நடந்த அந்தத் திட்டத்தில் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள், 217 ஆசிரியர் வீடுகள், 163 தொழிற்கூடங்கள் எழுந்தன. மொத்தச் செலவு 2 கோடியே 84 லட்சம் டாலர். அதில் அவர் தொடங்கிய ரோசன்வால்ட் நிதி கொடுத்தது 15.36 சதவீதம். அந்தந்த ஊர்க் கறுப்பின மக்கள் கொடுத்தது 16.64 சதவீதம். வெள்ளையர் நன்கொடை 4.27. மீதி 63.73 அரசின் வரிப்பணம்.

திரும்பப் படியுங்கள். கோடீஸ்வரர் 15.36. குத்தகைக்கு உழுதவனும் வெள்ளாவி வைத்துத் துணி வெளுத்தவளும் சேர்ந்து 16.64. அவரைவிட இவர்கள் அதிகம் கொடுத்திருக்கிறார்கள். பெயர் மட்டும் அவருக்கு.

செல்வன் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். வேறு யாரும் அவருக்காக வர வேண்டாம்.

சிகாகோ செல்வன்:
வணக்கம் ஐயா. தனி இழை தொடங்கும் அளவுக்கு என்ன குற்றம் செய்தேன் என்று தெரியவில்லை. பரவாயில்லை, பதில் சொல்கிறேன்.

நான் இந்த ஊரில் 19 வருடமாக இருக்கிறேன். இங்கே அறிவியல் தொழில் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அதற்கு வித்திட்டவரே ரோசன்வால்ட்தான். அதற்குத் தன் பெயரை வைக்க வேண்டாம் என்று சொன்ன மனிதர் அவர். பெயருக்காகக் கொடுத்தவர் போல நீங்கள் எழுதியது அநியாயம்.

சரி, கணக்குக்கு வருகிறேன். 1911இல் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனைச் சந்தித்தார். 1912இல், தன் ஐம்பதாவது பிறந்தநாளை ஒட்டி, வாஷிங்டன் அலபாமா மாநிலத்தில் நடத்திய டஸ்கீகீ கல்வி நிறுவனத்துக்கு 25,000 டாலர் கொடுத்தார். அதில் மிஞ்சிய தொகையை வைத்து அலபாமா கிராமங்களில் ஆறு பள்ளிகள் கட்டிப் பார்க்கலாமா என்று வாஷிங்டன் கேட்டார். அந்த ஆறுதான் 4,977 ஆனது. அவர் முழுப் பணத்தையும் கொடுக்கவில்லை, உண்மைதான். கொடுக்கக்கூடாது என்பதுதான் திட்டமே! ஊர் கொஞ்சம் போட வேண்டும், கவுண்டி (மாவட்ட) நிர்வாகம் கொஞ்சம் போட வேண்டும், அப்போதுதான் நிதி வரும். கறுப்பின மக்களுக்கான ஒய்எம்சிஏ கட்டடங்களுக்கும் அப்படித்தான் செய்தார். ஊர் 75,000 டாலர் திரட்டினால் அவர் 25,000 தருவார்.

அந்த 15.36 விதைநெல் ஐயா. விதைநெல் மூட்டை சின்னதாக இருக்கிறது, களத்துமேட்டில் குவிந்த நெல் பெரிதாக இருக்கிறது, அதனால் விதை முக்கியமில்லை என்று விவசாயம் தெரிந்த யாராவது சொல்வார்களா? அவர் இல்லாவிட்டால் அந்த 63.73 அரசுக் கஜானாவை விட்டு வெளியே வந்திருக்குமா?

வரப்பு:
விதைநெல் என்று சொன்னீர்கள். நான் வரப்பு என்று பெயர் வைத்துக்கொண்டதால் சொன்னீர்களோ என்னவோ. விதை போட்டவனும் அறுத்தவனும் வேறு ஆளாக இருந்தால் நெல் யாருடையது என்பதுதான் கேள்வி.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. 15.36 பெரிதா, 16.64 பெரிதா? அதற்குப் பதில் வரவில்லை. அருங்காட்சியகம் வந்தது, ஒய்எம்சிஏ வந்தது, பிறந்தநாள் வந்தது.

அஞ்சறைப்பெட்டி:
அது ரோஸன்வால்ட். ‘ரோசன்வால்ட்’ என்று எழுதினால் வேறு யாரோ மாதிரி இருக்கிறது. இரண்டு பேரும் ஐந்நூறு தடவை எழுதப் போகிறீர்கள், முதலிலேயே திருத்திக்கொள்ளுங்கள்.

வரப்பு:
ஸகரத்தை விட்டு எழுதினால் உங்களுக்கு என்ன குறைந்துவிட்டது? தமிழில் எழுதுகிறேன், தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். இதே ஆள் போன வருடம் ‘டஸ்கீகீ’யை ‘துஸ்கேகி’ என்று எழுதியது என் நினைவில் இருக்கிறது.

அஞ்சறைப்பெட்டி:
அது தட்டச்சுப் பிழை. அதை அப்போதே சொல்லிவிட்டேன்.

சிகாகோ செல்வன்:
எழுத்துச் சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஐயாவுக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். 16.64தான் பெரிய எண். போதுமா? ஆனால் அது எப்படி வந்த எண் என்று நீங்கள் சொல்லவில்லை. கறுப்பின மக்கள் கொடுத்ததில் ரொக்கம் மட்டும் இல்லை. நிலம், மரம், உழைப்பு எல்லாவற்றையும் பணமாக மதிப்பிட்டுச் சேர்த்திருக்கிறார்கள். ரோசன்வால்ட் கொடுத்தது அத்தனையும் ரொக்கம். தணிக்கை செய்தவர் நீங்கள். மதிப்பீட்டையும் ரொக்கத்தையும் ஒரே பத்தியில் கூட்டலாமா?

வரப்பு:
இப்போதுதான் மனதில் இருப்பது வெளியே வந்தது. உழைப்பு பணம் இல்லை. அப்படித்தானே?

செல்வன் தம்பி, அந்த மக்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். பருத்திக்காட்டில் பங்குக்கு உழுதவர்கள். அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கும்போது கடையில் வாங்கிய கடனுக்கே விளைச்சல் போய்விடும். அவர்களிடம் ரொக்கம் ஏது? இருந்தது கையும் காலும்தான். தன் காட்டு வேலை முடிந்தபின் வந்து மரம் வெட்டிச் சுமந்து பலகை அறுத்தார்கள். பெண்கள் கோழி விற்றார்கள், முட்டை விற்றார்கள், மீன் பொரித்து விற்றார்கள். சில ஊர்களில் ஒரு துண்டு நிலத்தில் பள்ளிக்கென்றே பருத்தி போட்டார்கள். அதற்கு ரோசன்வால்ட் பாத்தி என்றே பெயர். பாருங்கள், அந்தப் பாத்திக்கும் அவர் பெயர்தான். களை எடுத்தவள் பெயர் இல்லை.

அலபாமாவில் பொலிகீ என்ற ஊரில் பள்ளிக்கு நிதி திரட்டிய கூட்டத்தைப் பற்றி அங்கே இருந்த ஓர் அலுவலர் எழுதி வைத்திருக்கிறார். அடிமைக் காலத்தைப் பார்த்த கிழவர் ஒருவர் எழுந்து வந்தார். அழுக்கேறிய பழைய பையைத் திறந்து மேசையில் கொட்டினார். எல்லாம் சில்லறைக் காசு. ஆயுள் முழுக்கச் சேர்த்தது. எண்ணிப் பார்த்தால் 38 டாலர். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்காவது ஒரு வழி பிறக்கட்டும் என்றுதான் கொடுத்தார்.

அந்த 38 டாலர் ரொக்கம்தான். உங்கள் பத்தியில் அதற்கு இடம் உண்டா? தன்னிடம் இருந்தது மொத்தத்தையும் கொடுத்தவர் அவர். ரோசன்வால்ட் மொத்தத்தையும் கொடுத்தாரா?

சிகாகோ செல்வன்:
நான் உழைப்பைக் குறைத்துச் சொல்லவே இல்லை. ரொக்கமும் மதிப்பீடும் வேறு வேறு என்று மட்டும்தான் சொன்னேன். சொல்லாததைச் சொன்னதாகத் திரிப்பது உங்கள் பழைய வழக்கம். இரண்டு வருடம் முன்பு, அமெரிக்கப் பணக்காரர் கார்னகி கொடுத்த நூலகங்களைப் பற்றிய இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

மேகலை:
உள்ளே வரக்கூடாது என்று வரப்பு ஐயா சொல்லியிருக்கிறார், தெரியும். ஆனாலும் வருகிறேன், ஏனென்றால் இரண்டு பேரும் 63.73ஐ விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள்.

‘அரசின் வரிப்பணம்’ என்று ஐயா ஒரே வரியில் கடந்துவிட்டார். ‘அவர் இல்லாவிட்டால் வந்திருக்குமா’ என்று செல்வன் கேட்கிறார். அந்த வரியை யார் கட்டினார்கள்? கறுப்பின மக்களும்தான் கட்டினார்கள். அலபாமாவில் 1891இல் ஒரு சட்டம் வந்தது. பள்ளிப் பணத்தை எந்தப் பள்ளிக்கு எவ்வளவு பிரிப்பது என்பதை உள்ளூர் நிர்வாகிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. கறுப்பினக் குழந்தைகளின் தலையை எண்ணி மாநிலத்திடமிருந்து பணம் வாங்கி, வெள்ளையர் பள்ளிக்குச் செலவு செய்தார்கள். தட்டிக் கேட்க ஓட்டும் இல்லை. 1901 மாநில அரசியல் சட்டம் அதையும் பிடுங்கிவிட்டது. ஆகவே வரியாக ஒருமுறை கொடுத்தார்கள், அது வரவில்லை என்பதால் கோழி விற்று இரண்டாம் முறை கொடுத்தார்கள். ஒரே பள்ளிக்கு இரட்டை வரி. 16.64 என்பதே குறைத்துச் சொன்ன கணக்கு.

இன்னொன்று. ‘ஒரே மனிதர்’ என்பது அதைவிடப் பெரிய தவறு. அவருக்கு முன்பே தென்பகுதியில் கொடையாளர் வலை ஒன்று பின்னியிருந்தது. பீபாடி நிதி 1867இலேயே வந்துவிட்டது. 1882இல் ஸ்லேட்டர் நிதி, 1901இல் தென்பகுதிக் கல்வி வாரியம், 1902இல் ராக்ஃபெல்லர் பணத்தில் பொதுக் கல்வி வாரியம், 1907இல் ஜீன்ஸ் நிதி. வடக்கத்திப் பணக்காரர்களைத் தனி ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய்த் தெற்கைச் சுற்றிக் காட்டினார்கள். போன இடத்தில் எல்லாம் வெள்ளை அதிகாரிகளின் முகம் கோணாமல் நடந்துகொண்டார்கள். முதலில் வெள்ளையர் பள்ளி, பிறகு பார்ப்போம் என்பதுதான் அவர்கள் போக்கு. ஜீன்ஸ் நிதியில் சம்பளம் வாங்கிய கறுப்பின ஆசிரியைகள் ஊர் ஊராகப் போய் மக்களிடம் பணம் திரட்டியதால்தான் பல ரோசன்வால்ட் பள்ளிகள் எழுந்தன. அந்தப் பெண்களைப் பற்றி இந்த இழையில் ஒரு வரி இல்லை.

வரப்பு:
மேகலை அம்மா எழுதியது என் பக்கம்தான். 16.64 என்பதே குறைவு என்று அவரே சொல்லிவிட்டார். செல்வன் படித்துக்கொள்ளவும்.

மேகலை:
உங்கள் பக்கம் என்று நான் எங்கே சொன்னேன்? வரிப்பணத்தை நீங்களும்தான் விட்டீர்கள். ‘அம்மா’ வேண்டாம், எனக்கு 36 வயது.

சிகாகோ செல்வன்:
அந்த வரிப்பணம் கறுப்பின மக்களுக்குச் சேர வேண்டியது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. சேர வேண்டியது வேறு, சேர்ந்தது வேறு. 1891இலிருந்து அமுக்கி வைத்திருந்த பணத்தில் 1 கோடியே 81 லட்சம் டாலரை வெள்ளை நிர்வாகிகளிடமிருந்து வெளியே கொண்டுவந்தது எது? அறிக்கையா? கோரிக்கை மனுவா? “நான் இவ்வளவு தருகிறேன், நீ இவ்வளவு தா” என்று ஒருவர் காசோலையை நீட்டியதுதான்.

1928 வாக்கில் தென்பகுதிக் கிராமங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கான ஐந்து பள்ளிகளில் ஒன்று ரோசன்வால்ட் பள்ளி. சிகாகோ மத்திய வங்கியின் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். கறுப்பு, வெள்ளைக் குழந்தைகளுக்கு இடையே இருந்த படிப்பு இடைவெளி அந்தத் தலைமுறையில் சுருங்கியதில் இந்தப் பள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று கண்டிருக்கிறார்கள். குடிமை உரிமைப் போராளி ஜான் லூயிஸ் படித்தது அப்படி ஒரு பள்ளியில். எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ படித்ததும் அப்படி ஒன்றில். இதெல்லாம் உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரிகிறது. 1.28 சதவீத வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது.

வரப்பு:
1.28 சதவீதம் என்றால் 3 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு மேல். கோழி விற்றுச் சேர்த்த 3 லட்சத்து 60 ஆயிரம். உங்களுக்குச் சின்னதாக இருக்கலாம்.

தெற்குவாசல்:
நான் அட்லாண்டாவில் இருக்கிறேன். நேற்றைய இழையில் பேச்சு தொடங்கியதே இன்றைய கூட்டமைப்புகளைப் பற்றி. அதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். “கூட்டம் போட்டு அறிக்கை எழுதுகின்றன” என்று செல்வன் எழுதியது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அந்த அறிக்கைகளில் ஒன்றில் இருப்பதைச் சொல்கிறேன். தெற்கில் வேலை செய்யும் அறக்கட்டளைகளுக்கென்று ‘கிராண்ட்மேக்கர்ஸ் ஃபார் சதர்ன் புரோகிரஸ்’ என்ற கூட்டமைப்பு இருக்கிறது. அவர்கள் இன்னொரு அமைப்போடு சேர்ந்து 2017இல் கணக்கெடுத்துச் சொன்னார்கள். 2010 முதல் 2014 வரை அமெரிக்க அறக்கட்டளைகள் கொடுத்த பணத்தைத் தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால் நாடு முழுக்கச் சராசரி 451 டாலர். அலபாமாவின் ‘கறுப்பு வளையம்’ (பிளாக் பெல்ட்) எனப்படும் பருத்தி நிலப் பகுதியிலும் மிசிசிப்பி டெல்டாவிலும் 41 டாலர். பொலிகீ இருக்கும் அதே பகுதி, ஐயா. அந்தக் கிழவரின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் வாழும் ஊர். தலைக்கு 41 டாலர். இதைக் கூட்டம் போட்டு யாராவது எண்ணிச் சொல்லாவிட்டால் வெளியே தெரிந்திருக்குமா?

அப்புறம், இப்போது கொடுப்பதே வழக்காகிறது. இங்கே ஃபியர்லெஸ் ஃபண்ட் என்று கறுப்பினப் பெண்கள் நடத்தும் நிதி நிறுவனம். கறுப்பினப் பெண்களின் சிறு தொழில்களுக்கு 20,000 டாலர் உதவி கொடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் அதை எதிர்த்து ஓர் அமைப்பு வழக்குப் போட்டது. இனம் பார்த்துக் கொடுப்பது 1866 குடிமை உரிமைச் சட்டத்துக்கு விரோதமாம். அடிமைத்தளையிலிருந்து வந்தவர்களுக்கு ஒப்பந்தம் செய்யும் உரிமை வேண்டும் என்று எழுதிய சட்டம் அது! 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று அந்த உதவியை நிறுத்தி வைத்தது. செப்டம்பரில் சமரசம், திட்டத்தையே மூடிவிட்டார்கள். இன்று ஒரு ரோசன்வால்ட் வந்து கறுப்பினக் குழந்தைகளுக்கு மட்டும் என்று காசோலை நீட்டினால் அவருக்கும் இதே கதி வரலாம்.

அஞ்சறைப்பெட்டி:
தெற்குவாசல் சொல்வது வேறு விஷயம், அதற்குத் தனி இழை போடுங்கள். நான் கார்னகி இழையில் இருந்தவன். அங்கேயும் வரப்பு ஐயா இப்படித்தான், “கட்டடம் கார்னகி, புத்தகம் யார்” என்று பதினோரு பக்கம் இழுத்தார். கடைசியில் பூட்டுப் போட வேண்டியதாயிற்று. இவருக்குப் பணக்காரன் யாரும் நல்லது செய்துவிடக் கூடாது.

வரப்பு:
கார்னகி இழையில் நான் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை. கட்டடம் அவர் கொடுத்தார், வருடா வருடம் அதில் பத்தில் ஒரு பங்கை ஊர் கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கினார். பத்து வருடத்தில் ஊர் கொடுத்தது அவர் கொடுத்த அளவுக்கு வந்துவிடும். நூறு வருடத்தில் எவ்வளவு என்று பெருக்கத் தெரிந்தவர்கள் பெருக்கிக்கொள்ளட்டும். அந்த இழையைப் பூட்டியது என்னால் அல்ல, யார் என்னை ‘பழைய பேப்பர்’ என்று திட்டினாரோ அவரால். அது யார் என்று அஞ்சறைப்பெட்டிக்கு நன்றாகத் தெரியும்.

எனக்குப் பணக்காரர்மேல் பகை இல்லை. ரோசன்வால்ட் தன் நிதி தனக்குப் பின் 25 வருடத்துக்குள் முழுதும் செலவாகிவிட வேண்டும் என்று சொன்னவர். 1948இலேயே நிதியைக் காலி செய்து மூடிவிட்டார்கள். எழுத்தாளர்கள் ரால்ஃப் எலிசன், ஜேம்ஸ் பால்ட்வின், பாடகி மரியன் ஆண்டர்சன் போன்றவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. நான் மதிக்கிறேன். ஆனால் ‘கட்டினார்’ என்ற சொல்லை ஏற்க மாட்டேன். 15.36 கொடுத்தவர் உதவினார். கட்டவில்லை.

சிகாகோ செல்வன்:
இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் முதல் பதிவில் வெறும் “பெரும் பணக்காரர்” என்று எழுதினீர்களா? எனக்கு வருத்தமாக இருக்கிறது. 19 வருடம் இங்கே இருந்து, லீவு எடுத்துக்கொண்டு, காரில் நாள் முழுக்க ஓட்டிக்கொண்டு போய் அலபாமாவில் ஒரு பள்ளியை நேரில் பார்த்தவன் நான். இந்த இழையில் வேறு யார் பார்த்திருக்கிறீர்கள்? மின்சாரம் இல்லாத காலத்துக் கட்டடம். வெளிச்சம் கிழக்கிலும் மேற்கிலும் இருந்து வர வேண்டும் என்று பார்த்து வைத்த பெரிய ஜன்னல்கள், வரிசையாக. அந்த வரைபடம் அவர்கள் திட்டத்தில் கொடுத்தது. அறை நடுவில் நின்றபோது மேசைமேல் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று எனக்குத் தோன்றிய நன்றியைச் சதவீதத்தில் சொல்லத் தெரியவில்லை.

மேகலை:
அந்த முதல் வரைபடங்களை டஸ்கீகீயில் போட்டவர் ராபர்ட் டெய்லர், எம்ஐடியில் பட்டம் வாங்கிய முதல் கறுப்பர். ஜன்னல் வெளிச்சத்துக்கு நன்றி சொல்வதென்றால் அவரையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவருக்குப் பின் ரோசன்வால்ட் நிதியின் நாஷ்வில் அலுவலகத்தில் வரைந்தவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘அவர்கள் திட்டத்தில் கொடுத்தது’ என்று எழுதும்போதே பாருங்கள், செய்தவர் காணாமல் போய்விடுகிறார்.

விதைநெல் வாதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒரு சிறு தொண்டு அமைப்பில் வேலை செய்கிறேன். “நீங்கள் பாதி திரட்டுங்கள், நாங்கள் பாதி தருகிறோம்” என்று வெளியூர் நிதியாளர் ஒருவர் சொன்னார். எங்கள் பெண்கள் வாரச் சேமிப்பிலிருந்து எடுத்துப் போட்டார்கள். கட்டடம் வந்தது. திறப்பு விழா அன்று அந்தப் பெண்களைப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். அறிக்கையில் ‘பயனாளிகள்’ என்று போட்டார்கள். பாதி கொடுத்தவர்கள் பயனாளிகள்! ஆகவே இணைநிதி என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இல்லாதவரிடம் கேட்டு வாங்குவதை நாம் பெருமையாகப் பேசுகிறோம்.

சிகாகோ செல்வன்:
உங்கள் நிதியாளர் செய்ததற்கு ரோசன்வால்ட் என்ன செய்வார்?

மேகலை:
அதே கேள்வியை உங்களிடமும் கேட்கலாம். இன்றைய கூட்டமைப்பு ஏதோ ஒன்று சரியில்லை என்றால் எல்லாக் கூட்டமைப்புகளையும் ஏன் திட்டினீர்கள்?

நெறியாளர்:
தனிநபர் தாக்குதல் வேண்டாம். பழைய இழைகளின் கணக்கை இங்கே தீர்க்க வேண்டாம். எழுத்துக்கூட்டல் பற்றி அதன்பின் வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

அஞ்சறைப்பெட்டி:
என்னுடையது இரண்டு போய்விட்டது, அவருடையது ஒன்றுதான். அதையும் குறித்துக்கொள்கிறேன்.

வரப்பு:
செல்வன் நேரில் போய்ப் பார்த்ததை எழுதினார். நல்ல விஷயம். அந்தப் பள்ளியின் பத்திரம் யார் பெயரில் இருந்தது என்று கேட்டாரா?

இதுதான் என் நெஞ்சில் முள்ளாகக் குத்துவது. இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்தேன். நிலத்தை அந்த மக்களே வாங்கினார்கள், அல்லது அவர்களில் ஒருவர் தன் நிலத்தைக் கொடுத்தார். மரம் அவர்களுடையது, கூலி இல்லாத வேலை அவர்களுடையது. ஆனால் நிதி வர வேண்டுமென்றால் நிலத்தையும் கட்டடத்தையும் அரசுக் கல்வி வாரியத்தின் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வாரியத்தில் இருந்தவர்கள் அனைவரும் வெள்ளையர். தன் வரியைத் திருடியவன் பெயருக்கே தன் நிலத்தைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள்! பின்னால் 1950களிலும் 60களிலும் இனப் பிரிவினை ஒழிந்து பள்ளிகளை ஒன்றாக்கியபோது இவற்றைத்தான் முதலில் மூடினார்கள். வாரியம் பலவற்றை விற்றது, பலவற்றை அப்படியே இடிய விட்டது. 2002இல் அழியும் நிலையில் உள்ள வரலாற்று இடங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். இன்று நிற்பவை சுமார் 500 இருக்கலாம். பத்தில் ஒன்று. நிற்கும் பலவற்றைக் காப்பாற்றுவது யார்? மறுபடியும் அதே ஊர் மக்கள், அங்கே படித்துக் கிழவராகிப்போன பழைய மாணவர்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் உண்டியல் வைத்து. மூன்றாம் முறை கொடுக்கிறார்கள்.

என் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஓடு வேய்ந்தபோது, உத்தரத்துக்கு மரம் வேண்டும் என்று வீட்டுக்கு முன்னால் நின்ற வேப்பமரத்தை வெட்டிக் கொடுத்தாள். ஊரில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள், நெல், கயிறு, இரண்டு நாள் வேலை. வாசலில் பதித்த கல்லில் ஒரே ஒரு பெயர், உபயம் என்று போட்டு. நான் ஐந்து வருடம் தினமும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் உள்ளே போனேன். யார் பெயர் என்று சொல்ல மாட்டேன், அவர் குடும்பம் இன்னும் இருக்கிறது. அவர் கொடுத்தார் என்பதும் உண்மை. ஆனால் ‘கட்டினார்’ என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வேப்பமரம்தான் ஞாபகம் வருகிறது.

அதனால் மறுபடியும் கேட்கிறேன். 15.36 கொடுத்தவர் கட்டினார் என்றால், 16.64 கொடுத்தவர்கள் என்ன செய்தார்கள்?

சிகாகோ செல்வன்:
பாட்டி கதை மனதைத் தொட்டது. ஆனாலும் உங்கள் ஊர்க் கல்லுக்கு அலபாமாவில் பழி வாங்காதீர்கள். பத்திரம் கல்வி வாரியத்தின் பெயரில் போனதால்தான் ஆசிரியர் சம்பளத்தை வாரியம் கொடுத்தாக வேண்டியதாயிற்று. தனியார் பள்ளியாக இருந்திருந்தால் அதற்கும் அந்த மக்கள்தான் கோழி விற்றிருக்க வேண்டும். அவர் யோசித்துத்தான் அந்த விதியை வைத்தார். நான் ‘கட்டினார்’ என்றுதான் எழுதுவேன்.

வரப்பு:
எழுதுங்கள். எழுதும் ஒவ்வொரு முறையும் நான் கீழே வந்து 16.64 என்று எழுதுவேன்.

தெற்குவாசல்:
தலைக்கு 41 டாலர் என்று நான் எழுதியதற்கு இதுவரை ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை.

அஞ்சறைப்பெட்டி:
தனி இழை போடச் சொன்னேனே.

வரப்பு:
16.64.